மாமாவின் முழங்காலில் இருந்த தவளை

எங்கள் தெருவில் வேறு யாருடைய மாமாவுக்கும் இல்லாத ஒன்று என் மாமாவுக்கு இருந்தது. வலது முழங்காலின் பின்மடிப்பில் ஒரு தவளை. ராயபுரத்து வீட்டு வாசலில் அவர் குப்புறப் படுத்துக்கொள்வார். கை வைத்தால் உள்ளே திம்திம்மென்று குதிக்கும். தொட்டுப் பார்க்க வரும் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைப்பது என் வேலை. எனக்குப் பிடிக்காதவர்களுக்கு அனுமதி கிடையாது.

மாமா காசிமேட்டில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவர். திருவிழாவில் மாதா தேரைத் தோளில் சுமக்கும்போது முன்கொம்பு அவருடையது. அதைவிடப் பெரிய பதவி உலகத்தில் உண்டு என்று எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பவில்லை.

ஒருநாள் காலை கடலிலிருந்து வந்தவர், கால் மரத்துவிட்டது என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பாதம் வெளுத்து, ஐஸ் பெட்டி மீனாகச் சில்லிட்டிருந்தது. சுளுக்கு என்று முடிவுகட்டிய அம்மா, தம்பிக்கு ஒத்தடம் கொடுக்க உப்பை வறுத்தாள். நான் வழக்கம்போல் முழங்காலுக்குப் பின்னால் கை வைத்தேன். தவளை அசையவில்லை.

“தவளை செத்துப்பூட்ச்சு!” என்று நான் போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னாக்கா, ஒத்தடம் குட்த்துகினு கீற? தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!”

ஆஸ்பத்திரியிலும் அழுதுகொண்டே அதையேதான் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. எந்த இடம் என்று கேட்டு விரல் வைத்தார். பிறகு இடது முழங்காலுக்குப் பின்னாலும் வைத்தார்.

“இங்கேயும் ஒண்ணு இருக்கு,” என்றார். என் அழுகை சட்டென்று நின்றது. ஒன்றாவது உயிரோடு இருக்கிறதே!

ஸ்கேன் எடுத்த பிறகு அம்மாவுக்கு விளக்கினார்கள். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் பழைய சைக்கிள் டியூப்போலப் புடைத்துத் துடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதில் ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டது. தாமதித்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும். அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தாள். மாமா ஒன்றுதான் கேட்டார்.

“தேரு தூக்க முடியுமா டாக்டர்?”

“முதல்ல காலைக் காப்பாத்துவோம்.”

தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புதுவழி போட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்ததும் அம்மா மாமாவின் கால் கட்டைவிரலைப் பிடித்தாள்.

“சுடுது! என் தம்பி காலு சுடுது!” என்று கத்தினாள். நர்ஸ் அதட்டியும் அவள் நிறுத்தவில்லை.

சில மாதம் கழித்து, அடைத்துக்கொள்ளும் முன்பே இடது காலையும் அதேபோல் சரிசெய்தார்கள். அடுத்த திருவிழாவுக்கு டாக்டரம்மா சம்மதம் கொடுத்தார். மாமா மறுபடி முன்கொம்புக்குத் தோள் கொடுத்தார். மேளம் முழங்க, “மரியே வாழ்க!” என்று கூட்டம் ஆர்ப்பரிக்க, அந்த இரண்டு கால்களும் எங்கள் தெருவுக்குள் அழுத்தமாக நடந்து வந்தன. அம்மா விம்மி விம்மி அழுதாள். ஆட்டோக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மட்டும் மாமாவோடு பேசுவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நன்றாகக் குதித்துக்கொண்டிருந்த அந்த இன்னொரு தவளையையும் அல்லவா அவர் கொல்லவிட்டிருந்தார்!