அறைத் தொலைபேசியில் அண்ணி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு தமிழ் நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகல் மேசையிலேயே வலிப்பு வந்தது. நினைவாற்றல் கெடவில்லை என்று மருத்துவர் எழுதித் தந்தால் திரும்பி வரலாம் என்று சொல்லி அலுவலகம் என்னை வீட்டுக்கு அனுப்பியது.

மருத்துவமனையில் வைத்த முதல் சோதனையில் தோற்றேன். முந்தின நாள்தான் மறுபடி வலிப்பு வந்திருந்தது; கூட்டிக் கொடுத்த மாத்திரையில் தலை கனத்துக் கிடந்தது. மருத்துவர் நியாயமானவர். பஸ்ஸில் அலைய வேண்டாம், தெளிவாக இருக்கும் நாளில் தொலைபேசியிலேயே சோதிக்கலாம், தமிழ் தெரிந்த தாதி பேசுவார் என்றார். அந்த முறையை அப்போதுதான் அவர் முயன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இருந்தது பிடோக்கில், அண்ணன் வீட்டில். அண்ணி மின்னணு ஆலையில் வேலை பார்த்தார். நான் வீட்டோடு இருக்கிறேன் என்றதும் பிள்ளை பார்க்க வந்த பெண்ணை நிறுத்திவிட்டார். வலிப்பு வருகிறவளிடம் பிள்ளைகளை விட அவருக்குப் பயமில்லை. வலிப்பு வருகிறவள் வேலைக்குப் போவதுதான் பயமாம்.

சனிக்கிழமை காலை தாதி அழைத்தார். அண்ணன் கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். குடை, மாதுளை, பாலம் என்று பன்னிரண்டு சொற்களைத் தாதி வாசித்தார், திருப்பிச் சொன்னேன். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்பேன் என்று சொல்லி, எண்களைப் பின்னாலிருந்து சொல்ல வைத்தார். அப்போது காதில் ஒரு சொடுக்கு. அதே இணைப்பில் படுக்கையறையிலிருந்த இன்னொரு தொலைபேசியை அண்ணி எடுத்திருந்தார்.

“பாருங்கம்மா, ரெண்டு நிமிஷத்துல எல்லாம் மறந்துடும். ஃபெயிலாயிட்டா வேல போச்சு. அப்புறம் காலத்துக்கும் நம்ம வீட்டு ஆயாதான்.”

அன்று மகளைப் பார்க்க வந்து பக்கத்திலிருந்த அவர் அம்மா சிரித்தார். அங்கே பேசுவது எங்களுக்கும் கேட்கும் என்று அண்ணிக்குத் தெரியவில்லை. தாதி தயங்கினார். தொடரலாம் என்றேன்.

மறுபடி கேட்டபோது பன்னிரண்டு சொற்களையும் அதே வரிசையில் சொன்னேன். பிறகு, அண்ணன் காதில் விழும்படி குரலை உயர்த்தினேன்.

“இன்னும் இருக்கு சிஸ்டர். நடுவுல எங்க அண்ணி சொன்னது.”

ஒரு சொல் விடாமல் சொன்னேன், சிரிப்பு எந்த இடத்தில் வந்தது என்பது உட்பட. அண்ணியின் இழுவையையும் மாற்றவில்லை. அண்ணன் செய்தித்தாளை இறக்கினார்.

“அது டெஸ்ட்ல இல்ல லா,” என்றார் தாதி. “ஆனா சரியாத்தான் சொன்னீங்க. நானும் கேட்டேன்.”

அண்ணி வெளியே வர நேரமாயிற்று. உண்மையா என்று மட்டும் அண்ணன் கேட்டார். விளையாட்டுக்குச் சொன்னேன் என்றார் அண்ணி. ‘விளையாட்டுக்கு’ என்ற சொல் மூலத்தில் இல்லை என்றேன்.

மருத்துவர் எழுதித் தந்துவிட்டார். வேலைக்குக் கிளம்பிய காலையில் அண்ணி வாசலில் நின்றார். அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் முறை.

“ஆள் கிடைக்கிற வரைக்கும் லீவு சொல்லேன்மா. நானும் வேலைக்குப் போவணும்ல.”

“எதுக்கு லீவுன்னு மறந்துடுவேன் அண்ணி.”

சின்னவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். விரல்களைப் பிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். அன்று அண்ணி வேலைக்குப் போகவில்லை.