மதலைமுத்துவின் மஞ்சள் துணி

எங்கள் கீழ் வீட்டு மதலைமுத்துவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். குடிப்பதில்லை. சீட்டாட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குத் தவறுவதில்லை. மத்திய அரசில் ஏதோ ஓர் அமைச்சகத்தில் வேலை. அங்கே ஒரு கோப்பு அவர் மேசையில் படுத்துவிட்டால், எழுந்து போக ஒரு மழைக்காலம் முடிய வேண்டும். அதே மனுஷன் டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் தன் புல்லட்டின் முன்னால் குந்திவிட்டால் அந்தக் கைகளின் வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அரசாங்கம் பார்த்தால் அழுதுவிடும்.

வண்டி முழுவதும் அவருக்கு முக்கியமில்லை. சக்கரம்தான். மற்றதெல்லாம் சக்கரத்தின் மேல் ஏற்றிய சுமை என்பது அவர் கட்சி. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு ஸ்போக் கம்பிகளுக்கு நடுவே பல் துலக்கும் பிரஷ். அந்த வீட்டில் எந்தப் பிரஷ்ஷும் தேய்கிற வரைக்கும் பல் துலக்கியதில்லை. பாதியிலேயே சக்கரத்துக்கு மாற்றலாகிப் போய்விடும். செயினிலிருந்து தெறித்த கரிக்கு டீசல் நனைத்த பழந்துணி. அப்புறம் பாலிஷ். கடைசியில் மெத்தென்ற ஒரு மஞ்சள் துணி. கொடியில் அதற்குத் தனி இடம், தனி கிளிப். ஒருமுறை அவர் மனைவி செலின் தெரியாமல் அதில் கை துடைத்துவிட்டாள் என்று நாள் முழுக்க அவளோடு பேசவில்லை.

தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். டெல்லித் தண்ணீரில் உப்பு. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு, வீட்டு ஆர்.ஓ. மிஷினில் உப்பு நீக்கிய குடிதண்ணீர். சக்கரம் குளித்த மிச்சத்தைத்தான் குடும்பம் குடித்தது.

"ஏண்ணே, சக்கரத்துக்குக் கிட்னியில கல்லு வந்துருமா?" என்று மேலே பால்கனியிலிருந்து கேட்டேன்.

"நீங்க சிரிப்பிய ருக்கக்கா. ஒரு புள்ளி விழுந்தா எனக்குல்லா வலிக்கும்" என்றார், தலை நிமிராமல்.

கேட்டில் நிற்கும் காவலாளி அந்தச் சக்கரத்தில் முகம் பார்த்து மீசை முறுக்குவான். "க்யா சம்காயா ஹை, சாப்" என்பான், என்னமாய் மினுக்கியிருக்கிறீர்கள் என்று. மதலைமுத்துவுக்கு அன்றைக்கெல்லாம் கால் தரையில் பாவாது.

இவ்வளவு மினுக்கின வண்டி எங்கே போகும்? எங்கேயும் போகாது. ஆபீசுக்குப் பஸ். சாலையில் தூசியாம். மழையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பூசைக்கு எடுப்பார். அதுவும் தனியாக. செலின் பின்னாலேயே ஆட்டோவில் போவாள்.

செலின் ஆஸ்பத்திரி நர்ஸ். காலை டியூட்டி என்றால் விடிகிற நேரத்தில் கிளம்பி, பஸ் மாறிப் பஸ் பிடித்து, வார்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வீங்கின காலோடு திரும்புவாள். அவள் நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. அந்தப் புல்லட்டின் பின் சீட்டில் உட்கார்ந்து போய் ஆஸ்பத்திரி வாசலில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி வாங்குகிற அன்று அவர் கொடுத்த வாக்கும் அதுதான். அதை நம்பித்தான் அவள் சரி என்றாள். வாங்கி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவளுடைய கால் இன்னும் அந்தப் பின் மிதியில் படவில்லை.

கேட்டால் மதலைமுத்துவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "மந்திரிக்காத வண்டியில ஒன்ன ஏத்த மாட்டேன்ளா."

அவர்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் புது வண்டி என்றால் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க வேண்டும். அதைத்தான் மந்திரிப்பது என்பார்கள். சரி, மந்திரியுங்களேன் என்றால் அதற்கு மட்டும் நாள் வாய்க்காது. தவக்காலம் என்பார், குளிர் என்பார், சாமியார் ஊரில் இல்லை என்பார். எனக்குத் தெரியாதா? தீர்த்தமும் தண்ணீர்தானே. புள்ளி விழுமே.

போன ஜூலையில் செலினுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் தமிழ்ப் பூசை வைக்கிற ஃபாதர் ரெஜினைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். இளவயதுச் சாமியார், சிரித்த முகம். நானும் வேடிக்கை பார்க்க இறங்கிப் போனேன். மதலைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் லேசுப்பட்டவரா? உள்ளே ஓடி ஒரு பாட்டிலோடு வந்தார்.

"சாமி, இந்தத் தண்ணிய மந்திரிச்சுத் தெளிங்க. சுத்தமான ஆர்.ஓ. தண்ணி. உப்பே கிடையாது."

"அதுக்கென்னண்ணே" என்று ஃபாதர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். ஜெபப் புத்தகத்தைத் திறந்தார். பிறகு பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார்.

"அது என்ன சாமி?"

"உப்புண்ணே. தீர்த்தம் மந்திரிக்கும்போது போடுறதுதான. மறந்துட்டீங்களா?"

ஒரு சிட்டிகை போட்டார். உப்பே கிடையாது என்றாரே என்று இன்னொரு சிட்டிகையும் போட்டார். செலின் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை.

ஃபாதர் தாராள மனசுக்காரர். முன் சக்கரத்துக்கு, பின் சக்கரத்துக்கு என்று கை நிறையத் தெளித்தார். 'ஆமென்' காற்றில் அடங்குவதற்குள் மஞ்சள் துணி வெளியே வந்துவிட்டது.

"அண்ணே, தீர்த்தத்தையா தொடைக்கிறீங்க?"

"காஞ்சா அப்படியே நிக்கும் சாமி."

"நிக்கட்டுமேண்ணே. அதுக்குத்தான தெளிக்கிறோம்?" என்று சிரித்தார் ஃபாதர். "சரி, நாளைக்கு அக்காவை வண்டியிலதான் கொண்டு விடணும். நான் கேப்பேன்."

அவர் காபி குடித்துவிட்டுப் போனார். மதலைமுத்து அன்று சாயங்காலம் வரை வாசலை விட்டு நகரவில்லை. எவ்வளவு துடைத்தும் அங்கங்கே புள்ளி தெரிந்ததாம். கடைசியில் பளபளப்பு ஏற்றுகிற ஸ்பிரேயை எடுத்து, ரிம், ஸ்போக், டயர், டயரில் தரையைத் தொடுகிற பாகம், முன் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிற இரும்புத் தட்டு என்று ஒன்று விடாமல் அடித்தார். பிரேக்கில் அடிக்காதே, டயரின் தரை பாகத்தில் அடிக்காதே என்று அந்த டப்பாவின் முதுகில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஆபீஸ் கோப்புகளையே படிக்காதவர் டப்பாவைப் படிப்பாரா?

மறுநாள் காலை லேசாகத் தூறல். செலின் இஸ்திரி போட்ட வெள்ளை யூனிபார்மில் வந்தாள். பின் சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து, பால்கனியில் நின்ற என்னைப் பார்த்துக் கையசைத்தாள். கல்யாணப் பெண் காரில் ஏறினது போல இருந்தது அந்த முகம். எனக்கே சந்தோஷமாகப் போயிற்று.

கேட்டைத் தாண்டினதும் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளம். மதலைமுத்து பிரேக்கைப் பிடித்தார். வண்டி நிற்கவில்லை. டயர் வழுக்கி, பள்ளத்து விளிம்பில் குவிந்து கிடந்த சேற்றில் இரண்டு பேரையும் சாய்த்துவிட்டு ஓய்ந்தது.

நான் செருப்பு கூடப் போடாமல் ஓடினேன். மதலைமுத்துதான் முதலில் எழுந்தார். பையில் கை விட்டார். மஞ்சள் துணியை எடுத்தார். எடுத்து, "ஐயோ, ரிம்மு" என்று சக்கரத்தின் பக்கம் குனிந்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புல்லட்டைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். கனம்தான் தடுத்தது.

செலின் தானாகவே எழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு. அவர் கையிலிருந்து மஞ்சள் துணியை வாங்கினாள். முகத்தைத் துடைத்தாள். முழங்கையைத் துடைத்தாள். குனிந்து செருப்பை, அடிப்பாகம் வரைக்கும், நிதானமாகத் துடைத்தாள். துணியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு அடிபட்டுதான்னு அந்தச் சக்கரத்துக்கிட்டயே கேட்டுக்கிடுங்க" என்றாள். வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்து, கை காட்டி ஓர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மதலைமுத்து அவ்வளவு நேரமும் துணியைப் பிடித்தபடி அங்கேயேதான் நின்றிருந்தார். நான் திட்ட வாயெடுத்தேன். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த நாள் காலையும் மழை பெய்து விட்டிருந்தது. வாசலில் புல்லட் நின்றது. ரிம்மிலும் ஸ்போக்கிலும் சேறு அப்படியே. பக்கத்தில் இரண்டு ஹெல்மெட்டோடு மதலைமுத்து. செலின் பஸ்ஸுக்குக் கிளம்பி வந்தவள் நின்றாள்.

"பிரேக்கு?"

"தட்டையும் டயரையும் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுத் தேச்சுட்டேன். வேற எதையும் தொடலளா."

"கேட்டு வரைக்கும் தனியாப் போய்ப் பிடிச்சுக் காட்டுங்க."

போனார். பிடித்தார். வண்டி சட்டென்று நின்றது.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் போய்ப் பிடித்துக் காட்டினார். காவலாளி சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "சாப், கந்தா ஹோ கயா" என்று வருத்தத்தோடு சொன்னான். "அழுக்காவே இருக்கட்டும்யா" என்றார் அவர், அவனுக்குப் புரியாத தமிழில்.

செலின் அருகே வந்தாள். பின் சீட்டில் மழைத் தண்ணீர் நின்றதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். மதலைமுத்து பையிலிருந்து துவைத்து மடித்த மஞ்சள் துணியை எடுத்தார். சீட்டை ஓரம் விடாமல் துடைத்தார்.

"இப்ப ஏறு" என்றார். ஏறினாள்.