ஒரே வீட்டில் இரண்டு சாந்தாமணி

சோமனூர்ச் சந்தையில் நின்று ‘சாந்தாமணி’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு புழங்கிய பெயர்தான். ஆனால் சாந்தம் என்றால் அமைதி என்று நாலாம் வகுப்பு டீச்சர் சொன்ன நாளிலிருந்து, அவர்களில் ஒருத்தியான அவளுக்கு அது தன் கழுத்துக்கென்றே செய்த நகைபோல ஆகிவிட்டது.

சூலூரில் சம்பந்தம் பேசியபோது பத்துப் பொருத்தமும் இருந்தது. மாப்பிள்ளை தம்பிதுரையின் அம்மா பெயரும் சாந்தாமணி. அது ஒன்றுதான் இடித்தது.

“எம்பேரச் சொல்லி எம்பையன் உன்னைய வையறதா? சரசுன்னு இருந்துட்டுப் போ கண்ணு” என்றார் மாமியார், தாலி ஏறிய அன்றைக்கே.

“ஒரே ஊட்டுக்கு ரெண்டு சாந்தாமணின்னா கரண்டு தாங்காதுங்க அண்ணி” என்று கொழுந்தன் வேறு சிரித்தான்.

முப்பத்தோரு வருஷம். விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கேட்டதெல்லாம் ‘சரசு’தான். பிள்ளை பெற்றதும் சரசு. சர்க்கரையில் மாமியாரின் கால் புண்ணானபோது தினமும் கட்டு மாற்றியதும் சரசு. சாந்தாமணி ரேஷன் கார்டோடு நின்றுபோனாள். புருஷன் வாயில் ஒரே ஒரு தடவை அந்தப் பெயர் வரவேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டு வாங்கினால் அது கூப்பிட்டதாகாது.

மாமியார் இறந்த பத்தாம் நாள், சாவைப் பதிய இருவரும் ஆபீசுக்குப் போனார்கள்.

“இறந்தவங்க பேருங்க?” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண்.

பெற்றவள் பெயரைத் தம்பிதுரை தன் வாயால் சொன்னதே கிடையாது. எழுதிக் காட்டப் பேனாவைத் தேடினார்.

“சும்மா சொல்லுங்கண்ணா, அடிச்சுப்போடறேன்.”

“சாந்தாமணிங்க.”

“என்னங்க” என்றாள் பக்கத்தில் நின்றிருந்த அவள்.

எப்படி வந்ததென்று தெரியவில்லை. அந்தப் பெண் நிமிர்ந்தாள். தம்பிதுரை திரும்பி, மனைவியை யாரோ போலப் பார்த்தார். செத்தவரின் பங்கில் கைவைத்துவிட்டது போல அவளுக்கு உடம்பு கூசியது.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி தூரத்தில் தெரிந்தது.

“சரசு, வா.”

அவள் எழவில்லை. வேண்டுமென்று செய்ததல்ல, கால் வரவில்லை.

இரண்டடி போனவர் திரும்பி வந்தார். துண்டால் வாயைத் துடைத்தார். அவளைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துச் சொன்னார்:

“சாந்தாமணி... பஸ்ஸு வந்துருச்சு.”

சொன்னதும் அவர் கண் நிறைந்துவிட்டது. அது அம்மாவுக்காகவா, தனக்காகவா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

“வாரேனுங்க” என்று எழுந்து, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.