நீரும் பேச வேண்டாம் என்று கேட்டேன்

மற்ற ஊர்ச் சபையாருக்கு மேரி எழுதுவது. மூன்றாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் எனக்கு நோய் வந்தது. அது நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

எங்கள் ஊர் மொரப்பூர் பக்கம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். நான் காட்டு வேலைக்குப் போவேன். எங்கள் பிள்ளை எஸ்தர் அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். கடலைக்காய் பிடுங்கிக்கொண்டு இருக்கும்போது பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. "மகளே" என்றது. திரும்பினேன். யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டில் சொன்னேன். கை தட்டினார்கள். ஆண்டவர் மேரியோடு பேசுகிறார் என்றார்கள். அதிலிருந்து பெண்கள் வீடு தேடி வந்தார்கள்.

"எம் பொண்ணுக்கு எப்ப மாப்ள அமையும்னு கேட்டுச் சொல்லு மேரி."

"எங்க மாடு இந்த வாட்டியாவது சினை நிக்குமான்னு கேளு சாமி."

அந்தக் குரல் அவர்களைப் பற்றி ஒன்றும் பேசாது. என்னைப் பற்றியே பேசும். "அடுப்பு மூட்டுறா பாரு. இப்ப குளிக்கிறா பாரு." பிறகு இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. இரண்டும் என்னைச் சொல்லிச் சிரிக்கும். கெட்ட வார்த்தை பேசும். வெட்கத்தில் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிடாதே என்றது. சாப்பிடவில்லை. மேரி உபவாசம் இருக்கிறாள் என்று சபையில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கழுத்தெலும்பு வெளியே தெரிந்தது. அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

தை மாதம் அது சொன்னது, பிள்ளைக்கும் பால் கொடுக்காதே என்று.

கொடுக்கவில்லை. எஸ்தர் அழுதாள். பிறகு அழவும் தெம்பு இல்லாமல் கிடந்தாள். எனக்கு மார் கட்டி வலித்தது. அப்படியும் கொடுக்கவில்லை. வேலை முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏன்டி பால் குடுக்கல?"

"ஆண்டவர் வேண்டாம்னுட்டார்."

"ஆண்டவர் இப்படிச் சொல்லமாட்டார்டி."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. புள்ள வாய் காஞ்சு கெடக்குது. அது தெரியுது."

பிள்ளையை அப்போதே கம்பைநல்லூரில் இருக்கும் அவர் அக்கா வீட்டுக்குத் தூக்கிப்போய்விட்டார். அந்த நாத்தனார் சொல்லி அனுப்பினார், "அவ கையில இனிமே இந்தப் புள்ளைய குடுக்க மாட்டேன்" என்று. எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. குரல்தான் சிரித்தது.

சபையில் இப்போது பிசாசு என்றார்கள். போன வாரம் வரை ஆண்டவர் என்றவர்கள்தான். குரல் அதே குரல். என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு ஜெபித்தார்கள். அவர்கள் சத்தத்துக்கு மேலே அது சத்தம் போட்டது. கடைசியில் பாஸ்டர் ஐயா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "தம்பி, எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன். இது எனக்குத் தெரியாதது. சேலத்துல மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காராம். கூட்டிட்டுப் போ. நான் ஜெபம் பண்ணிட்டு இருக்கேன்."

மொரப்பூரில் ரயில் ஏறினோம். சக்கரச் சத்தத்துக்குள்ளேயும் இரண்டும் பேசின. அங்கே வைத்துத்தான் என் ஜெபத்தைச் செய்தேன். ஆண்டவரே, இதில் எது உம்முடைய குரல் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் நிற்க வேண்டும். நீரும் பேச வேண்டாம். அவ்வளவுதான் கேட்டேன்.

டாக்டர் என்னைப் பேசவிட்டுக் கேட்டார். கெட்ட வார்த்தையையும் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மனச்சிதைவு என்று நோய்க்குப் பேர் சொன்னார். இங்கிலீஷ் பேர் என் வாயில் நுழையவில்லை.

"காதுல கோளாறு இல்லம்மா. மூளையே கொரல உண்டாக்குது. வெளிய இருந்து வர மாதிரியே கேக்கும். பேயும் இல்ல, நீங்க செஞ்ச பாவமும் இல்ல. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாதிரி ஒரு நோய்."

"அப்போ ஆண்டவரும் இல்லைங்களா?"

"அத நான் எப்படிம்மா சொல்றது? புள்ளைக்குப் பால் குடுக்காதேன்னு சொல்றது நோய். அது மட்டும் எனக்குத் தெரியும்."

கரண்ட் வைப்பார்கள் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். எனக்கு வைக்கவில்லை. மாத்திரை கொடுத்தார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. கை கால் கட்டை மாதிரி ஆகிவிட்டது. எச்சில் ஒழுகியது. குனிந்து ஒரு செடி பிடுங்க முடியாது. "என்னா மேரி, பொம்மலாட்டத்துல சேந்துட்டியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். டாக்டரிடம் சொன்னதும் விறைப்புக்குத் தனியாக ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் இளகியது. பிள்ளை குடிக்காமல் பாலும் வற்றிப்போனது. எஸ்தர் அதன் பிறகு என்னிடம் பால் குடிக்கவே இல்லை.

குரல் ஒரே நாளில் போகவில்லை. பக்கத்துத் தெருவில் பேசுகிற மாதிரி ஆனது. பிறகு தூரத்துக் காட்டில் யாரோ பேசுகிற மாதிரி. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தேன். காக்கா கத்தியது. காக்கா மட்டும்தான் கத்தியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சபையில் கேட்டார்கள், இப்போது ஆண்டவர் என்ன சொல்கிறார் என்று. ஒன்றும் சொல்லவில்லை என்றேன். விசுவாசம் குறைந்துவிட்டது, மருந்தை விட்டுவிடு என்று ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். "மூட்டை தூக்குற தெம்பு ஆண்டவர் குடுக்கிறார்ண்ணா. அதுக்காக சும்மாடு இல்லாம தூக்குறேனா? தலையில துணிய சுத்திக்கிட்டுத்தான் தூக்குறேன்."

எண்பத்திநாலு பங்குனியில் நாத்தனார் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை அவரைத்தான் அம்மா என்றது. நான் களியைக் கரைத்து வைத்திருந்தேன். "நீயே ஊட்டு" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கதவைப் பிடித்தபடி நின்றார். கண் என் கையிலேயே இருந்தது. ஒரு வாய் எடுத்து நீட்டினேன். அந்தக் குரல் ஏதாவது சொல்லுமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. எஸ்தர் வாயைத் திறந்தாள்.

அவள் இப்போது ஒன்றாவது போகிறாள். நாத்தனாரை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். என்னையும் அப்படியே கூப்பிடுகிறாள். நான் இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறேன். எவ்வளவு காலம் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது காதில் குரல் கேட்கிறது என்றால் அடிக்காதீர்கள். கட்டிப் போடாதீர்கள். குறி கேட்காதீர்கள். சாப்பிடாமல் கிடந்தால் உபவாசம் என்று விட்டுவிடாதீர்கள். ஜெபம் பண்ணுங்கள். பண்ணிக்கொண்டே ரயில் ஏறுங்கள்.

பேச வேண்டாம் என்று கேட்டேன். ஆண்டவர் இன்றுவரை பேசவில்லை. அவருக்கு நன்றி.