வாலிலிருந்து தலைக்கு

அந்தத் தெருவில் தையல்காரர் என்றால் அவர் ஒருவர்தான். முப்பத்தைந்து வருஷம் சட்டை தைத்தவர். தைத்த சட்டை அடுத்தவர் முதுகில் ஏறிப் போய்விடும். 'இது யார் கைவேலை' என்று ஒரு வாய் கேட்டதில்லை. அந்தக் குறை மனுஷனுக்கு உள்ளுக்குள் உறுத்தல். அதனால்தான் வெட்டு மேஜை மூலையில் ஒரு மரக்கப்பல் கட்டினார், முழ நீளத்துக்கு. நூலகத்து அம்மா வந்து பார்த்தார்.

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சா நம்ம நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம். இல்லேன்னா மண்பொம்மைக்காரர் கேட்டிருக்கார்."

அன்றிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மிச்சமிருந்தது கப்பலின் அடிவயிறு. அந்தக் காலத்தில் மரத்தைப் புழு அரிக்காமலிருக்க அடியில் செம்புத் தகடு அடிப்பார்களாம். இவரிடம் பசை வைத்த செம்புப் பட்டை இரண்டு சுருள், பக்கத்துக்கு ஒன்று. துணியில் புள்ளி போடும் பல்சக்கரத்தை அதன்மேல் உருட்டினார். ஆணி அடித்த மாதிரியே புள்ளி விழுந்தது. நகத்தளவு நறுக்கி, ஒன்றன் ஓரத்தில் அடுத்தது ஏறும்படி ஒட்டினார். எங்கிருந்து தொடங்கினார்? மூக்கிலிருந்து! எந்தச் சட்டையையும் கழுத்திலிருந்தே அளந்து பழகிய கை, வேறெங்கே போகும்?

வியாழக்கிழமை மத்தியானம் அவர் பெண்சாதி சந்தையில் மீன் நறுக்கிவிட்டு வந்தாள். ஒட்டி முடித்த பக்கத்தை மூக்கிலிருந்து பின்னால்வரை விரலால் தடவினாள்.

"என்னங்க, குத்துது. எந்த மீனுக்குங்க தலையிலேருந்து தடவினா செதில் குத்தும்?"

"கப்பல் என்ன மீனா?"

"தண்ணியில போறதெல்லாம் ஒண்ணுதான். இது பின்பக்கமா நீந்துற மீனு. ஓடுற தண்ணி ஓரத்தைப் பிடிச்சு உரிச்சிடும்."

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஏதுடி தண்ணி?"

"சட்டையோட உள்தையலை எவன் பாக்குறான்? பிசிறா விட்டுடுவீங்களா நீங்க?"

கோபத்தில் மனுஷன் யாருடைய சட்டைக்கோ நாலு பொத்தான் வைத்தார். அப்புறம் வந்து உட்கார்ந்து, ஒட்டியதையெல்லாம் பிய்த்தார். பிய்த்தது கிழிந்து சுருண்டது, மறுபடி ஒட்டுமா? கடைக்காரன் புதுச் சுருள் அடுத்த வாரம் என்று கைவிரித்துவிட்டான்.

இருந்த ஒரே சுருளை எடுத்து, இந்தத் தடவை வாலிலிருந்து தொடங்கினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

"செதில் எடுக்கிறவளைச் செதில் வைக்க வச்சிட்டீங்களே!"

வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் தகதகவென்று முடிந்தது. மறுபக்கம் மொட்டை மரம்.

"நல்ல பக்கத்தை வெளியே காட்டி வைங்க," என்றாள்.

"மறைச்சு வைக்கிற வேலை நம்மகிட்ட கிடையாது."

சனிக்கிழமை இரண்டு பேரும் கப்பலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடந்ததை நடந்தபடி அவர் சொன்னார், மண்பொம்மைக்கே இடம் போகட்டும் என்றும் சொன்னார். நூலகத்து அம்மா கப்பலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"செம்புக்கு அடியில மரம் எப்படி இருக்கும்னு இப்பத்தானே தெரியுது! பெட்டியை நடுவுல போடுங்க. ரெண்டு பக்கமும் பாக்கட்டும்."

பெட்டி மூடுவதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் கேட்டே விட்டார்: "யார் கைவேலைங்க இது?"

முப்பத்தைந்து வருஷம் காத்திருந்த கேள்வி. தையல்காரர் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தார்.

"மரம் அவருது," என்றாள் பெண்சாதி. "செதில் என்னுது."