ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

என் மனைவியின் அண்ணன் ஒரு கார் மெக்கானிக். ஊரில் அவரை ‘நாலு கேள்வி’ என்றுதான் சொல்வார்கள். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரே ஒரு லிஃப்ட், சுவரில் அளவு வாரியாக மாட்டிய ஸ்பேனர்கள். பதினாறு வயதில் இன்னொருவர் பட்டறையில் போல்ட் கழுவிக் கொடுத்துத் தொழிலுக்கு வந்தவர். இப்போது ஐம்பத்து மூன்று. முன்வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி, எத்தனை தேய்த்தாலும் விரல் இடுக்கில் போகாத கறுப்பு. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அவரைப் பற்றி எழுதினால் என் பவிசும் கூடவே வெளியே வந்துவிடும் போலிருக்கிறது. வரட்டும்.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். பெட்ரோலா, டீசலா? இதற்கு அவர் காசு வாங்க மாட்டார். நாலு கேள்வி கேட்பார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள்? அதில் நெடுஞ்சாலை எவ்வளவு, ஊருக்குள் எவ்வளவு? வண்டியை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வீர்கள்? உங்களைத் தவிர வேறு யார் ஓட்டுவார்கள்? பதில்களைச் சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் எழுதுவார். இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார். அப்புறம் ஒரே வார்த்தை. சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். ஒரு பல் டாக்டர், டீசல்தானே மைலேஜ் கொடுக்கும் என்று குழாயடி வரை பின்னாலேயே போய் வாதாடினார். “நீங்க பல்லைப் பாருங்க டாக்டர், வண்டியை நான் பாத்துக்கறேன்” என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார் மச்சான். டாக்டர் பெட்ரோல் வண்டிதான் வாங்கினார்.

வந்தவர்கள் சொல்லும் பதில் உண்மைதானா என்று அவர் ஒருநாளும் சோதித்ததில்லை. ஒருமுறை நானே கேட்டேன். “யோசனை கேக்க வந்தவன் எதுக்கு மாப்ளே பொய் சொல்லப்போறான்?” என்றார். நியாயமான கேள்விதான்.

இனி என் கதை. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாகப் பத்தொன்பது வருஷம் இருந்தேன். நாலு ஊர் டாக்டர்கள் என் பொறுப்பு. தினமும் நூற்றிருபது கிலோமீட்டர், கம்பெனி கார், பின் சீட்டில் சட்டை மடங்காமல் தொங்க ஒரு ஹேங்கர். போன வருஷம் ஒரு திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் நாலு ஊரையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அலுவலகத்தில் ஒரு மூலை, காதில் மாட்ட ஒரு ஹெட்ஃபோன், போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை. கார் சாவியை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வீட்டிலிருந்து அந்த அலுவலகம் மூன்று கிலோமீட்டர்.

மனைவியிடம், “கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் வேலை, அப்புறம் பெரிய பொறுப்பு வரும்” என்று அளந்துவிட்டேன். “உங்க அண்ணன்கிட்ட இப்போ எதுவும் சொல்லாதே, முடிவானதும் நானே சொல்றேன்” என்றும் சொல்லிவைத்தேன். அவள் அண்ணனிடம் வாயே திறக்கவில்லை. நம்பியவள் அப்படித்தான் இருப்பாள்.

ஆனால் வாசலில் கார் இல்லையே. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை, “வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கா சார்?” என்று கேட்டுவிட்டார். அப்போது உதித்ததுதான் அந்த யோசனை. சாதாரண கார் வாங்கினால், கம்பெனி கார் போய்விட்டது என்று ஊர் சொல்லும். இரண்டே கதவு வைத்த ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கினால்? கம்பெனி காரை இவனே வேண்டாம் என்று வீசிவிட்டான் என்று சொல்லும். நாற்பத்தேழு வயதில், முதுகு வலியோடு, தரையை ஒட்டிப் போகும் காரில் குனிந்து ஏறி இறங்க நான் ஆசைப்பட்டதற்கு இதுதான் காரணம். எழுதும்போதே கூசுகிறது.

பழைய கார் விற்கும் இடத்தில் ஒரே மாடலில் இரண்டு கூபே நின்றன. சிவப்பு பெட்ரோல், கருநீல டீசல். பட்டறைக்குப் போனேன். மச்சான் சாக்பீஸை எடுத்தார்.

“சொல்லுங்க மாப்ளே. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?”

அங்கேயே சொல்லியிருக்கலாம். டயர் கடைக்காரர் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நூத்திருபது. கம்பெனி காரை நானே வேண்டாம்னுட்டேன்” என்றேன். “நெடுஞ்சாலை?” “நூறு இருக்கும்.” எழுதினார், பார்த்தார், “டீசல்” என்றார். கை கழுவப் போனார்.

டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விடாமல் ஓடும் வண்டிக்கு இதெல்லாம் தானாக நடந்துவிடும். மூன்று கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டிக்குச் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். கரி சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மச்சான் இதைச் சாப்பாட்டு மேசையில் பத்து தடவையாவது சொல்லியிருக்கிறார். நான் தலையை ஆட்டிக்கொண்டு வேறு எதையோ யோசித்திருக்கிறேன்.

நாலு மாதம் அந்தக் கருநீலத்தில் ராஜா மாதிரி ஆபீஸ் போய்வந்தேன். ஐந்தாம் மாதம் ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. அதுபாட்டுக்கு எரியட்டும் என்று விட்டேன். ஒரு சனிக்கிழமை மாலை மனைவியோடு கடைக்குப் போகும்போது, ஆற்றுப் பாலத்தின் நடுவில், வண்டி இழுவையை விட்டுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் நகர்ந்தது, அவ்வளவுதான். பின்னால் ஒரே ஹாரன். ஒரு கிழ லாரி எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

பாலத்து ஓரத்தில் நிறுத்தினேன். மனைவி அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“உன்னை நம்பி வாங்கினோம் பாரு, எங்களைச் சொல்லணும்! ஊருக்கெல்லாம் நாலு கேள்வி கேட்டு நல்லது சொல்ற. கூடப் பிறந்தவளுக்கு மட்டும் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டியா? நடுப்பாலத்துல நிக்கிறோம் அண்ணா, ஊரே வேடிக்கை பாக்குது!”

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், “தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கும்மா. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லு, நான் பாக்கறேன்” என்றார்.

“நீ பாத்தது போதும். இனிமே உன் பட்டறைப் பக்கமே வரமாட்டோம்.”

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இறங்கிப் பத்தடி தள்ளிப் போனேன். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே.

“மாப்ளே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வண்டி தினமும் நெடுஞ்சாலையில ஓடிட்டுதானே இருந்துச்சு?”

“ஆமா மச்சான்.”

முதல் பொய்யையாவது வீறாப்பு என்று மன்னித்துவிடலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? வண்டியை வேறு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பச் சொன்னதும் நான்தான். மீட்டரை ஒரு பார்வை பார்த்தால் மச்சானுக்குத் தெரிந்துவிடும். “அவருக்கு எதுக்குச் சிரமம்?” என்று மனைவியிடம் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

மூன்று வாரம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அவர் இரண்டு முறை கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார். “ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வர முடியுமா மாப்ளே? மீட்டரைப் படிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும்.”

பஸ்ஸில் போனேன். பட்டறை வாசலில் ஐந்து கார்கள் வரிசையாக நின்றன. என் வண்டியில் இருக்கும் அதே டீசல் இன்ஜின் போட்டவை. எல்லாம் அவர் சொல்லி வாங்கியவை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினோரு பேருடைய போன் நம்பர் எழுதி வைத்திருந்தார்.

“தினம் நூத்திருபது ஓடியும் உங்க வண்டி அடைச்சிருக்கு. அப்ப அந்த இன்ஜினே சரியில்லன்னுதானே அர்த்தம்? அதுதான் எல்லாரையும் வரச் சொல்லிட்டேன். இன்னிக்கு அஞ்சு, அடுத்த வாரம் ஆறு. நானே சொல்லி வாங்க வச்சேன், நானே பாக்கணும்.”

அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ள, நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து கிலோமீட்டரைப் படித்துச் சொன்னேன். எல்லோரும் சொன்னபடியே ஓட்டியிருந்தார்கள். ஐந்து ஃபில்டரும் சுத்தமாக இருந்தன. கடைசி வண்டியின் அடியிலிருந்து முழங்கையை ஊன்றி வெளியே வந்தவர், எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுது மட்டும் ஏன்? எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது மாப்ளே. நேத்து ஒருத்தர் வந்து பெட்ரோலா டீசலான்னு கேட்டார். தெரியாதுன்னு அனுப்பிட்டேன். வயசாயிடுச்சு போல. இனிமே யாருக்கும் சொல்றதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.”

நான் காரை விட்டு இறங்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“மச்சான், நான் தினமும் ஆபீஸுக்குத்தான் போறேன். மூணு கிலோமீட்டர். போக வர ஆறு. என் ஏரியாவை எடுத்துட்டாங்க. கம்பெனி காரையும் வாங்கிட்டாங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“மூணா?”

“மூணு.”

“பெட்ரோல்” என்றார். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றினார். “உங்க வேலை மாறினதைச் சொன்னா நான் சிரிப்பேன்னு நினைச்சீங்களா?”

நினைத்தேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. காலண்டர் தாளை என் கையில் திணித்தார். “மீதி ஆறு பேரும் வயித்துல நெருப்பைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க. நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க. என் முன்னாடியே சொல்லுங்க.”

முதலில் எடுத்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். “உங்க வண்டியில ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க. அவர் சொன்னது சரிதான். நான்தான் அவர்கிட்ட தூரத்தைக் கூட்டிச் சொல்லிட்டேன்” என்றேன். எவ்வளவு தூரம், என்ன வண்டி என்று கேட்டார். சொன்னேன். “மூணு கிலோமீட்டருக்கா ஸ்போர்ட்ஸ் கார்?” என்று சிரித்துவிட்டார். அடுத்தவர் சிரிக்கவில்லை, ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று சொல்லி, நாலு வார்த்தை நன்றாகக் கேட்டார். ஆறு பேருக்கும் சொன்னேன். காது சூடாகிவிட்டது.

தாளை மடித்துக் கொடுத்தேன். மச்சான் வாங்கவில்லை. “இன்னொரு ஆள் இருக்கா” என்றார்.

மனைவியைக் கூப்பிட்டேன். ஆறு பேரிடம் சொல்லிப் பழகியும் அவளிடம் வார்த்தை வரவில்லை. திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதை அடைத்தாள். சத்தம் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“அன்னைக்குப் பாலத்துல அண்ணனை அத்தனை பேச்சு பேசினேனே. நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?”

“ஆமா” என்றேன்.