பண்டோங் பால்குடம்

எங்கள் சித்தியைப் பார்த்து கண்டெய்னர் லோரிகள் பிரேக் போட்ட கதையைச் சொன்னால் என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான். நம்பாவிட்டால் போகட்டும். நான் கண்ணால் பார்த்தவள். பார்த்தது மட்டுமா, பின்னாலேயே நடந்தவள்.

அப்போது நாங்கள் கிள்ளானில், மேருவுக்குப் போகும் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் தமிழ்ப்பள்ளி, பள்ளியை ஒட்டியே முருகன் கோயில். நடுவில் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் லோரிகள். ஒன்று போனால் இன்னொன்று வரும். கடக்கக் கோடும் கிடையாது, வண்டிகளை நிறுத்த விளக்கும் கிடையாது. பெற்றோர் சங்கத்தார் நகராண்மைக் கழகத்துக்கு மனுக் கொடுத்தார்கள், அட்டை பிடித்து நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், பாவம்.

என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது சித்தியின் பொறுப்பு. அம்மாவின் தங்கை அவள், கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தினமும் சாலையோரத்தில் நாங்கள் நிற்கும் நிற்பில் எனக்கும் மணியடித்துவிடும், அவளுக்கும் ஷிப்ட் தொடங்கிவிடும். ஒரு நாள் மோட்டார்சைக்கிள் ஒன்று என் பள்ளிப் பையை உரசிக்கொண்டு போனது. அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இந்த விடுமுறைக்குள் அந்த ரோட்டுக்கு ஒரு வழி பிறக்கவில்லையென்றால், என்னைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுத்து ரோட்டைத் தாண்ட வேண்டாத வேறொரு பள்ளியில் சேர்த்துவிடுவாள். நான் தரையில் புரண்டு அழுதேன். என் கூட்டாளிகள் எல்லாரும் அங்கேதானே இருந்தார்கள்!

அந்த வாரம்தான் கோயிலில் பங்குனி உத்திரம். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் தலையில் பால்குடத்தோடு அதே சாலையைக் கடந்தார்கள். அடேயப்பா! அத்தனை லோரியும் பெட்டிப் பாம்பாக நின்றது. ஒரு ஹோர்ன் சத்தம் இல்லை. ஒரு மலாய்க்கார டிரைவர் இறங்கி வந்து, பின்னால் வந்த கார்களைக் கைகாட்டி நிறுத்தினார். என் பக்கத்தில் நின்ற சித்தி அதையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை எழுந்து பார்த்தால், சித்தி மஞ்சள் சேலையில் நிற்கிறாள். நெற்றி நிறைய விபூதி. கையில் பூச்சுற்றிய குடம், இடுப்பில் வேப்பிலை.

"அடியே, சாமி விஷயத்துல விளையாடாதடி!" என்று அம்மா பதறினாள்.

"விளையாட்டு இல்லக்கா. உள்ள பால்தான் இருக்கு, பாரு."

பால்தான். ஆனால் ரோஸ் சிரப் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கலக்கிய பால். கடைகளில் பண்டோங் என்று கேட்டு வாங்கிக் குடிப்போமே, அதே ரோஜா நிறப் பால். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டால் பொய்யும் ஆகாது, பாவமும் சேராது என்பது சித்தியின் கணக்கு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு கையால் தலைமேல் இருந்த குடத்தையும் மறு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு சித்தி சாலையில் கால் வைத்தாள். எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் வால் பிடித்தாற்போல் பின்னால் வந்தார்கள். மேருவிலிருந்து வந்த முதல் லோரி கிறீச்சென்று நின்றது. அடுத்ததும் நின்றது. சாலை நடுவில் போகும்போது சித்தியின் உடம்பு கிடுகிடுவென்று ஆடியது. பண்டோங் தளும்பி அவள் நெற்றியில் வழிந்தது. அவள் பிடித்த பிடியில் என் கை வளையல் நெளிந்தே போனது.

"சாமி வந்துடுச்சு!" என்று நான் கத்தினேன். லோரி டிரைவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

அப்புறம் தினமும் இதேதான். பிள்ளைகள் கூட்டம் பெருத்தது. அம்மாவே பால் காய்ச்சிக் கொடுக்கத் தொடங்கினாள். யாரோ ஒரு டிரைவர் எங்களுக்கு முன்னால் தேங்காயே உடைத்துவிட்டுப் போனார். மேரு ரோட்டில் தினமும் சாமி வருகிற ஒரு பெண் இருக்கிறாள் என்று பேச்சுப் பரவி, கடைசியில் நகராண்மைக் கவுன்சிலர் காதுக்கும் எட்டியது.

அவர் பக்திமான். ஒரு காலையில் வந்து, காரை எங்கள் பக்கம் நிறுத்தி, காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு, கைகூப்பியபடி எங்களோடு சாலையைக் கடந்தார். கோயிலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தார். சித்தி பள்ளி வாசலில் குடத்தை இறக்கி, அகப்பையால் மொண்டு எங்கள் போத்தல்களில் ஊற்றத் தொடங்கினாள். கவுன்சிலர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"என்னம்மா இது? சாமிக்கு இல்லையா?"

"சாமி வருசத்துல ஒரு நாள்தான் சார் ரோட்டத் தாண்டுது. இதுங்க தினமும் தாண்டணும் லா."

அவருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விறுவிறுவென்று திரும்பிச் சாலையோரத்துக்குப் போனார். அங்கேயே நின்றார். லோரி வந்தது, இன்னொரு லோரி வந்தது. ஒரு காலை முன்னால் வைப்பார், பின்னால் எடுப்பார். கார் அந்தப் பக்கம், சப்பாத்து அந்தப் பக்கம், வெறுங்காலோடு கவுன்சிலர் இந்தப் பக்கம். பள்ளிக்கூடமே வேலியில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

சித்தி காலிக் குடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அவரிடம் போனாள். "வாங்க சார், நான் கொண்டுபோய் விடுறேன்." அவர் அவள் பின்னாலேயே, பிள்ளை மாதிரி, அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாகப் போனார். நாங்கள் சிரித்த சிரிப்பில் குடித்த பண்டோங் மூக்கு வழியாக வந்தது.

விடுமுறைக்கு முன்பே கோடு போட்டார்கள், விளக்கும் நட்டார்கள். நான் அந்தப் பள்ளியிலேயே ஆறாம் ஆண்டுவரை படித்தேன். எங்கள் சித்தி மேல் சாமி வரும் என்று போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். அவளும் மறுத்ததில்லை.

இப்போது கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறேன். போன மாதம் நாங்கள் சில அம்மாக்கள் சேர்ந்து, எங்கள் பிள்ளைகள் நடக்கும் தெருவில் கார்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அட்டை பிடித்து நடந்தோம். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நான்தான் சாலையில் இறங்கினேன். எதிரே ஒரு லோரி. நிற்குமா, நிற்காதா என்று தெரியாத அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. சித்தி மேல் அன்று எந்தச் சாமியும் வரவில்லை. அவளும் என்னைப் போலத்தான் பயந்திருக்கிறாள், பயந்துகொண்டேதான் தினமும் நடந்திருக்கிறாள்.

லோரி நின்றது.

"அம்மா, கை வலிக்குது. ஏம்மா இப்படி நடுங்குற?" என்றான் மகன்.

"சாமி வந்திருக்குடா, பேசாம நட" என்றேன்.